கல்லூரி என்னும் பெயர்ப்பலகை

ஒரு சொல் ஒரு நாட்டில் ஒரு பொருளையும் மறுநாட்டில் வேறொரு பொருளையும் தருவது மொழி வரலாற்றிற் புதுமையன்று. கடல் கடந்து செல்லும் சரக்கைப் போலவே சொல்லும் இறங்குகின்ற துறைக்கேற்ப விலை மாறும். ஆனால் ஒரே நாட்டிற்குள், ஒரே மாவட்டத்திற்குள், அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் ஒரு சொல் இரு வேறு விலை பெறுமாயின், அங்கே மொழியாராய்ச்சி மட்டும் போதாது. சமுதாய ஆராய்ச்சியும் வேண்டப்படும். 'கல்லூரி' என்பது அத்தகைய சொல். புத்தளத்துக் கரையோரத்திலே தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில், இச்சொல்லோடு நாள்தோறும் பழக வேண்டியவனாக இருக்கிறேன்.

ஆறாம் வகுப்பிற் படிக்கும் சிறுவனொருவன் ஒருநாள் என்னிடம் கேட்டான்: "சேர், இந்தியாப் படத்துல காலேஜ்ல படிக்கிறவங்க கலர் உடுப்புப் போட்டு மோட்டர் சைக்கிள்ல வாறாங்க. நம்மளும் கல்லூரிதானே? ஏன் நமக்கு மட்டும் வெள்ளை உடுப்பு?" வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பையனுடைய வினாவில் நியாயம் இருந்தது. பாக்குநீரிணைக்கு அப்பால் கல்லூரி என்றால் பள்ளிப்படிப்பை முடித்தவர் சேரும் இடம். பத்து வயதுப் பிள்ளை அங்கே கல்லூரியிற் படிப்பதாகச் சொன்னால் கேட்பவர் நகைப்பர். இப்பால், முதலாம் வகுப்புக் குழந்தைகூடக் கல்லூரி மாணவனாக இருக்கலாம். ஒரே தமிழ்ச் சொல். இடையிலுள்ள நீர்ப்பரப்பு அதனை இரண்டாகப் பிளந்துவிட்டது.

சொல்லென்னவோ பழைய சொல்தான். ஆங்கிலேயர் வருகைக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே சீவக சிந்தாமணியில் அது ஆளப்பட்டுள்ளது. அங்கே அது 'கொட்டில்' என்ற சொல்லோடு சேர்ந்து வருகின்றது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்குத் தேவை ஏற்படும். கற்றலோடு தொடர்புடைய இடம் என்ற அந்தப் பழஞ்சொல்லை எடுத்து, 'கொலிஜ்' என்ற ஆங்கிலச் சொல்லின்மீது பொருத்தியது பிற்காலம். ஓசை ஒற்றுமையும் அதற்குத் துணை நின்றிருக்கக்கூடும். பொருத்தியவர்கள் எந்தக் 'கொலிஜை' மனத்திற்கொண்டு பொருத்தினார்கள் என்பதிலேதான் சிக்கல் தொடங்குகின்றது.

ஏனெனில், ஆங்கிலம் பேசும் நாடுகளிடையே கூட அச்சொல்லுக்கு ஒரு பொருளில்லை. இங்கிலாந்தையே எடுத்துக்கொள்வோம். ஆறாம் ஹென்றி மன்னன் 1440 ஆம் ஆண்டில் நிறுவிய ஈற்றன் கல்லூரி ஒரு பாடசாலை. 1264 இல் தோன்றிய மேட்டன் கல்லூரியோ ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பு. லண்டனிலுள்ள சத்திரசிகிச்சை நிபுணர்களின் றோயல் கல்லூரி முதலாவதுமன்று, இரண்டாவதுமன்று. அஃது ஒரு தொழில்வல்லோர் சங்கம். அமெரிக்க ஐக்கிய நாட்டில், 1636 இல் நிறுவப்பட்ட ஹாவாட் கல்லூரி முதலாக, இளமாணிப் பட்டத்திற்குப் படிக்கும் இடமே கல்லூரி. பெரிய பல்கலைக்கழகத்திற் படிப்பவனும் தான் கல்லூரிக்குப் போவதாகவே அங்கு பேசுவான். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலோ கல்லூரி வேறு, பல்கலைக்கழகம் வேறு; 1960 களின் நடுப்பகுதியில் உருவான அந்தக் கல்லூரிகள் பெரும்பாலும் தொழிற்கல்வியைத் தருவன. நியூசீலாந்தில் வெலிங்ரன் கல்லூரி என்பது எமது ஊர்க் கல்லூரிகளைப் போல ஓர் உயர்நிலைப் பாடசாலை. அவுஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதியில் அரசாங்கக் கல்லூரி என்றால் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகள் மட்டும். சிங்கப்பூரின் 'ஜூனியர் கல்லூரி'யும் ஏறத்தாழ அவ்வாறானதே.

இந்த வேறுபாடுகள் அகராதிக்காரருக்கு மட்டும் உரியவை என்று எண்ணிவிடலாகாது. எங்கள் கரையோரத்திலிருந்து மத்திய கிழக்கிற்குத் தொழில் தேடிப் போகாத குடும்பத்தைக் காண்பது அரிது. சில ஆண்டுகளுக்கு முன் பழைய மாணவனொருவன் கட்டாரில் ஒரு வேலைக்கான விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டிற்கு வந்தான். படிவத்திற் பாடசாலை, கல்லூரி, பல்கலைக்கழகம் என மூன்று கட்டங்கள் இருந்தன. அவன் கற்றது 'கல்லூரி' என்று பெயர் கொண்ட ஒரு பாடசாலையில். உயர்தரப் பரீட்சையோடு படிப்பு முடிந்தது. நான் அந்தப் பெயரை முதற் கட்டத்தில் எழுதப் போனதும் அவன் முகம் சுருங்கியது.

"சேர், நான் படிச்சது கல்லூரியில. நீங்க அத ஏன் பாடசாலைக் கட்டத்துல போடுறீங்க?"

விளக்கினேன். படிவத்தைத் தயாரித்தவனுடைய கல்லூரியும் உன்னுடைய கல்லூரியும் ஒன்றல்ல என்றேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்ப அந்தக் கட்டம் வெறுமையாத்தான் இருக்குமா?" என்று கேட்டான். இரண்டாவது கட்டமும் மூன்றாவது கட்டமும் வெறுமையாகவே போயின. பதின்மூன்று ஆண்டுகள் வாயில் வளைவின்மீது அவன் பார்த்து வந்த சொல், கடல் கடக்கும் நேரத்தில் அவனுக்குக் கைகொடுக்கவில்லை. அந்த வெறுங்கட்டங்களே இச்சொல்லின் வரலாற்றைத் தேடும்படி என்னைத் தூண்டின.

இலங்கையில் அந்த வரலாறு ஒரு முரண்பாட்டோடு தொடங்குகின்றது. 1823 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் தமிழ் இளைஞர்களுக்கென ஒரு கல்லூரியை அமைக்கும் திட்டத்தை வெளியிட்டனர். வட்டுக்கோட்டையில் அது நடைமுறைக்கு வந்தபோது நிலைத்த பெயர் 'செமினறி' என்பதே. கணிதமும் வானியலும் தத்துவமும் அங்கே கற்பிக்கப்பட்டன. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையிற் கற்றவர்களே. கல்லூரித் தரத்திற் கற்பித்த இடத்திற்குக் கல்லூரி என்ற பெயரில்லை. 1855 இல் அது மூடப்பட்டது. 1872 இலேதான் அங்கே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. மறுபுறம், 1835 இல் தோன்றிய கொழும்பு அக்கடமி 1881 இல் றோயல் கல்லூரி ஆயிற்று. நல்லூரில் 1823 இல் ஆங்கிலச் செமினறியாகத் தொடங்கிப் பின் சுண்டிக்குளிக்கு மாறிய நிறுவனம் 1891 இற் பரியோவான் கல்லூரி எனப் பெயர் பூண்டது. பாடசாலைகள் கல்லூரிகளாகப் பெயர் மாறிய காலம் அது.

இப்பெயர் மாற்றங்களின் பின்னணியை நோக்க வேண்டும். குடியேற்ற ஆட்சியின்கீழ் இந்நாட்டில் இருவகைப் பாடசாலைகள் இருந்தன. ஒன்று, கட்டணம் வாங்கி ஆங்கிலத்திற் கற்பித்தது. அதன் வாயிலாக உத்தியோகத்திற்கும் சட்டத்திற்கும் வைத்தியத்திற்கும் போக முடிந்தது. மற்றது, கட்டணமின்றிச் சுயபாஷையிற் கற்பித்தது. அதன் வாயில் மீண்டும் வயலுக்கும் கடலுக்குமே திறந்தது. கல்லூரி என்ற பெயரும் ஈற்றனின் சாயலும் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தன. அவற்றிற்கு எதிராகப் பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் தத்தம் கல்லூரிகளை நிறுவியமை ஒரு தேசிய விழிப்புத்தான். கொழும்பில் 1886 இல் ஆனந்தாவும் 1892 இல் ஸாஹிராவும் அவ்வாறே தோன்றின. ஆனால் அங்கும் மாதிரி ஆங்கிலக் கல்லூரியே. சுயபாஷைப் பாடசாலை எவருடைய கையிலிருந்தாலும் சுயபாஷைப் பாடசாலையாகவே கிடந்தது. ஆகவே, கல்லூரி என்ற சொல் இந்நாட்டிற் கல்வியின் தரத்தைக் குறிக்கும் சொல்லாகவன்றி, வர்க்கத்தின் படித்தரத்தைக் குறிக்கும் சொல்லாகவே வேரூன்றியது எனலாம்.

இந்தச் சுவரை உடைத்தவர்களுள் முதன்மையானவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. அவரே புலமைப்பரிசிலின் துணையாற் காலி றிச்மண்ட் கல்லூரியிற் கற்றவர். 1931 முதல் 1947 வரை கல்வி மந்திரியாயிருந்த காலத்தில், நகரத்துக் கல்லூரிகளுக்கு நிகரான மத்திய பாடசாலைகளைக் கிராமப்புறங்களில் நிறுவினார். அவற்றின் தொகை 54 வரை உயர்ந்தது. 1945 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அந்த மத்திய பாடசாலைகள் பின்னர் 'மத்திய கல்லூரி' என அழைக்கப்பட்டபோது அது வெறும் பெயர் மாற்றமாக இருக்கவில்லை. ஆய்வுகூடமும் விடுதியும் நூலகமும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் பெயரோடு கூடவே கிராமத்திற்கு வந்தனர். பணம் படைத்தோர் தமக்கென வைத்திருந்த ஒரு சொல்லை உழைப்பவர் பிள்ளைகளுக்குப் பொருளோடு பெற்றுத்தந்த நிகழ்ச்சி அது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றபோது அந்தப் பயணம் மேலும் ஒருபடி முன்னேறியது.

அதன்பின் சொல் ஓடிக்கொண்டே இருந்தது, பொருள் பின்தங்கிவிட்டது. இன்று எங்கள் மாவட்டத்தில் ஒரு பயணியாக வடக்கு நோக்கிச் சென்றால், சிலாபத்தில் ஆனந்தா, உடப்பில் தமிழ் மகா வித்தியாலயம், புத்தளம் நகரில் ஸாஹிரா, இந்து மத்திய கல்லூரி, கற்பிட்டியில் அல் அக்ஸா தேசிய பாடசாலை எனப் பலவகைப் பலகைகளைக் காணலாம். அதே நகரிற் காசிமிய்யா அரபுக் கல்லூரியும் உண்டு. அங்கே கல்லூரி என்பது மார்க்கக் கல்வி நிலையம். கொழும்புக்குப் போனாற் சட்டக் கல்லூரி. அதிலிருந்து வெளியேறுபவர் சட்டத்தரணி. ஆசிரியராக விரும்புபவர் தேசிய கல்வியியற் கல்லூரிக்குச் செல்வார். எட்டு வயதுக் குழந்தையும், சட்டம் பயிலும் இளைஞரும், ஆலிமாகப் போகிறவரும் ஒரே சொல்லின் கூரையின்கீழ் நிற்கிறார்கள்.

சிங்கள மொழியில் இந்த நிலை வேறுவிதமானது. றோயலும் ஆனந்தாவும் 'வித்தியாலய'. கிராமத்துப் பாடசாலையும் 'வித்தியாலய'. சட்டக் கல்லூரியும் 'வித்தியாலய'தான். எமக்கோ ஒன்று கல்லூரி, மற்றது வித்தியாலயம். இரண்டும் கற்குமிடம் என்ற பொருளையே தருவன. ஒன்று தமிழ்ச் சொல், மற்றது வடசொல். ஆயினும் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள்: கல்லூரி உயர்ந்தது, வித்தியாலயம் தாழ்ந்தது என்றே சொல்வர். தனித்தமிழ்ப் பற்றினால் வந்த உயர்வு அல்ல இது. பலகையின் ஆங்கில வரியிற் 'கொலிஜ்' என்று எழுத முடிவதால் வந்த உயர்வு. தமிழ்ச் சொல்லின் மதிப்பை இன்னும் ஆங்கிலச் சொல்லே நிர்ணயிக்கின்றது.

உண்மையான தரத்தை அறிய விரும்புபவர் பலகையைப் பார்க்கவே வேண்டியதில்லை. கல்வித் திணைக்களத்தின் பதிவேட்டில் வேறொரு மொழி இருக்கின்றது. உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் உட்பட எல்லாத் துறைகளும் உள்ள பாடசாலை 1ஏபி. கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளது 1சி. பதினோராம் வகுப்போடு முடிவது இரண்டாம் வகை. ஆரம்ப வகுப்புகளை மட்டுமோ அவற்றோடு சில வகுப்புகளையோ கொண்டது மூன்றாம் வகை. இப்பதிவேட்டுச் சொற்களுக்கு அழகில்லை. ஆனால் அவை பொய் சொல்வதில்லை. ஒரு 1சி பாடசாலை கல்லூரியாகப் பெயர் மாறலாம். பெயர் மாறியமையால் 1ஏபி ஆகிவிடாது.

இந்த உண்மையை எனக்கு மிகத் தெளிவாகக் கற்பித்தவர் ஒரு கல்விமான் அல்லர். கரையோரக் கிராமமொன்றின் பாடசாலையில் மகா வித்தியாலயம் என்ற பெயரைக் கல்லூரி என்று மாற்றுவதற்காகக் கூட்டமொன்று நடைபெற்றது. பழைய மாணவர்கள் ஊக்கத்தோடு பேசினார்கள். வெளிநாட்டிலுள்ளவர்கள் வளைவு கட்டப் பணம் அனுப்பத் தயார் என்று அறிவிக்கப்பட்டது. ஊரின் மானம், வருங்காலச் சந்ததி என்றெல்லாம் சொற்கள் உயர்ந்துகொண்டே போயின. கடைசி வாங்கில் அமர்ந்திருந்த ஒரு தந்தை எழுந்தார். உப்பளத்திற் கூலி வேலை செய்பவர். காலிலே உப்புப் புண் ஆறாத மனிதர்.

"பேர மாத்துங்க, எனக்கு அதுல ஒண்ணுமில்ல. பேர மாத்தினா பௌதிகம் படிப்பிக்க ஒரு சேர் வருவாரா? அத மட்டும் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு அமர்ந்தார்.

மண்டபத்தில் எவரும் விடை சொல்லவில்லை. அவருடைய மகள் சாதாரணதரப் பரீட்சையில் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் மிகச் சிறந்த பெறுபேறு பெற்றவள். ஊரிலே விஞ்ஞானப் பிரிவு இல்லை. நகரத்திற்குப் போய்வரப் பஸ் கட்டணமும், பிரத்தியேக வகுப்புக்குக் கட்டணமும், அங்கு தங்கவேண்டி வந்தால் அதற்கொரு வீடும் வேண்டும். அவள் ஊரிலேயே கலைப்பிரிவிற் சேர்ந்தாள். என் வகுப்பிலே தமிழ் கற்க அமர்ந்தாள். தமிழ் கற்பதை இழிவென்று நான் ஒருபோதும் கருதேன். அதனையே என் வாழ்வாக ஏற்றவன் நான். ஆனால் விரும்பித் தமிழ் கற்க வருவது வேறு. வேறு கதவு இல்லாமையால் வந்து அமர்வது வேறு. அவளுடைய கண்களிலே அந்த வேறுபாட்டை நான் கண்டேன்.

பெயர்மாற்ற விண்ணப்பத்தில் ஆசிரியர்களும் கையொப்பமிட்டார்கள். என்னிடம் தாள் வந்தபோது, பெயர் மாற்றக் கோரிக்கையோடு விஞ்ஞான ஆசிரியர்களுக்கும் ஆய்வுகூடத்திற்குமான கோரிக்கையையும் சேர்த்தாலன்றிக் கையொப்பமிடேன் என்றேன். சற்று வாக்குவாதத்தின் பின் அது சேர்க்கப்பட்டது. பெயர் விரைவிலே மாறியது. புதிய வளைவும் எழுந்தது. மற்றக் கோரிக்கைக்கு 'கவனத்திற் கொள்ளப்படும்' என்ற பதிலே வந்தது.

இதே கரையோரத்தில், நுரைச்சோலையில், 900 மெகாவாற் ஆற்றல் கொண்ட அனல்மின் நிலையம் நிற்கின்றது. 2011 இல் அதன் முதற்பகுதி இயங்கத் தொடங்கியது. நாடு முழுவதற்கும் அங்கிருந்து மின்சாரம் பாய்கின்றது. அதன் புகைபோக்கியை எங்கள் பிள்ளைகள் கண்முன்னே காண்கிறார்கள். அந்தச் சுழலி எவ்வாறு சுழல்கின்றது என்பதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரை நாடி மட்டும் அவர்கள் ஊர் விட்டு ஊர் போக வேண்டியிருக்கின்றது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமையின்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் ஒதுக்கப்படும் முறையொன்று இந்நாட்டில் நெடுங்காலமாக வழக்கிலுள்ளது. அப்பின்தங்கிய மாவட்டங்களின் வரிசையிற் புத்தளமும் இடம்பெற்றது. இச்சலுகை வேண்டியதே. ஆனால் விஞ்ஞான வகுப்பே இல்லாத பாடசாலையின் மாணவிக்கு மருத்துவ பீடத்தின் ஒதுக்கீட்டால் என்ன பயன்? வாயிலில் இடம் ஒதுக்கிவிட்டு, வாயிலுக்குச் செல்லும் பாதையை வெட்டாமல் விட்ட கதையே இது.

சொல்லை உயர்த்திப் பொருளைக் குறைக்கும் இந்த வழக்கம் மேலும் மேலே ஏறிக்கொண்டிருக்கின்றது. 1972 ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டின் பல்கலைக்கழகங்களை ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக்கியது. 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அவை மீண்டும் தனிப் பல்கலைக்கழகங்களாயின. ஆயினும் பேச்சு வழக்கிற் 'கெம்பஸ்' என்ற சொல் இன்றும் பல்கலைக்கழகத்தையே குறிக்கின்றது. கல்லூரி என்ற சொல் மலிந்துவிட்டதைக் கண்ட கல்வி வியாபாரிகள் இப்போது கெம்பஸ் என்ற சொல்லைப் பற்றிக்கொண்டிருக்கிறார்கள். கடைத்தெருவின் மேல்மாடியில் மூன்று அறைகளை வாடகைக்கு எடுத்தவரும் கெம்பஸ் என்று பலகை மாட்டுகிறார். வெளிநாட்டிலிருந்து தாய் அனுப்பும் பணம் அங்கே கட்டணமாகின்றது. இலவசக் கல்வி ஏழைக்குப் பெற்றுத்தந்த சொற்களை, சந்தை ஒவ்வொன்றாகத் திருப்பி வாங்கி மறுபடியும் ஏழைக்கே விற்கின்றது.

எனவே பலகைகளையெல்லாம் கழற்றிவிட வேண்டும் என்று நான் கூறவரவில்லை. கல்லூரி என்ற பெயருக்கு ஆசைப்படும் ஊரை நான் ஏளனம் செய்யவுமில்லை. நூறாண்டுகள் ஒரு சொல்லால் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் அந்தச் சொல்லைக் கைப்பற்ற விரும்புவது இயல்பே. ஆனால் சொல்லோடு திருப்தியடைந்து திரும்பினால் நாம் ஏமாந்தவராவோம். கன்னங்கரா காலத்து மத்திய பாடசாலையை அளவுகோலாக வைத்துக்கொண்டு, பெயர் வந்தது, பௌதிக ஆசிரியர் எங்கே, ஆய்வுகூடம் எங்கே, விடுதி எங்கே என்று கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும்.

1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டுப் பல்லாயிரக்கணக்கில் இக்கரைக்கு வந்து சேர்ந்தனர். அவர்களுடைய பிள்ளைகள் பிற்பகல் நேரங்களில் இரவல் வகுப்பறைகளிலும் ஓலைக் கொட்டில்களிலும் படித்தார்கள். அகதிகளாய் வந்த ஆசிரியர்களே கற்பித்தார்கள். அந்தக் கொட்டில்களிலிருந்து பட்டதாரிகள் பலர் வெளிவந்தனர். அவர்களுள் என்னோடு பணியாற்றுபவரும் உளர். சிந்தாமணியிற் கல்லூரியும் கொட்டிலும் அடுத்தடுத்து நிற்பதை மாணவருக்குச் சொல்லும்போதெல்லாம் அந்த ஓலைக் கூரைகளே என் நினைவுக்கு வருகின்றன.

'கொலிஜ்' என்பதன் இலத்தீன் மூலம் 'கொலேஜியம்'. பண்டைய உரோமாபுரியில் அது கட்டடத்தைக் குறிக்கவில்லை, கூட்டத்தைக் குறித்தது. தச்சர், படகோட்டிகள் முதலிய தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்து அமைத்த சங்கங்களும் கொலேஜியங்களே. தம்முள் இறந்தவரை அடக்கஞ்செய்யக்கூட அவர்கள் காசு சேர்த்தார்கள். இச்சங்கங்கள் வலுப்பெறுவதைக் கண்டு அஞ்சிய செனற் சபை கி.மு. 64 இற் பலவற்றைக் கலைத்தது. ஆளுவோர் அஞ்சத்தக்க அளவிற்குக் கூட்டு வலிமை அச்சொல்லுக்குள் ஒருகாலத்தில் இருந்தது.

அந்த வலிமையை எங்கள் கரையிற் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. உடப்புக் கடற்கரையிற் கரைவலை இழுப்பவர் அம்பாப் பாடி ஒரே கயிற்றைப் பலர் பிடிக்கிறார்கள். ஒருவர் கைவிட்டாலும் மற்றவர் தோளிற் சுமை ஏறும் என்பது அவர்களுக்குத் தெரியும். பெற்றோரும் ஆசிரியரும் பழைய மாணவரும் அவ்வாறு ஒரு கயிற்றைப் பிடிக்கவேண்டிய வேளை இது. அடுத்த ஆண்டும் சாதாரணதரப் பெறுபேறுகள் வெளிவரும். விஞ்ஞானத்திற் சிறந்த பெறுபேற்றோடு ஒரு மாணவி எங்கள் வாயிலில் வந்து நிற்பாள். அவள் தலைக்குமேலே கல்லூரி என்று எழுதியிருக்கும். உள்ளே அவளுக்கொரு வகுப்பு இருக்குமா என்பதற்கு நாமே விடை சொல்லியாக வேண்டும்.